விளம்பரத்தில் இல்லாத வரிகள்: பழைய கணினிக்கு மலிவான யூனிக்ஸை எடைபோடுவது எப்படி?

1990களின் தொடக்கத்தில் வந்த அமெரிக்கக் கணினி இதழ்களைப் புரட்டினால் ஒரு விளம்பரம் அடிக்கடி கண்ணில் படும். கோஹெரன்ட் என்ற இயங்குதளத்துக்கான விளம்பரம். இயங்குதளம் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்; கோஹெரன்ட், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போல நடந்துகொள்வது. சிகாகோவுக்குப் பக்கத்தில் இருந்த மார்க் வில்லியம்ஸ் கம்பெனி அதை விற்றது. விளம்பரத்தின் நடுவே ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் கோஹெரன்ட், மறுபக்கம் எஸ்சிஓ நிறுவனம் பிசிக்காக விற்ற யூனிக்ஸான ஜெனிக்ஸ். விலை 99.95 டாலர், அங்கே 1495 டாலர். பிளாப்பிகள் 4, அங்கே 21. கையேடு ஒன்று, அங்கே எட்டு. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் அளவு 64 கேபி, அங்கே 198 கேபி. ஹார்ட் டிஸ்கில் 10 எம்பி இடமும் 640 கேபி நினைவகமும் இருந்தால் போதும். எதிராளிக்கு 30 எம்பி இடமும் ஒன்றிரண்டு எம்பி நினைவகமும் வேண்டும்.

இன்டெலின் 286 சிப் கொண்ட பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு யூனிக்ஸ் கற்க ஆசைப்பட்டவருக்கு இந்த அட்டவணை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதினைந்தில் ஒரு பங்கு விலை! அட்டவணையில் இருந்த எண்களிலும் ஏமாற்று வேலை இல்லை. ஆனால் எந்த எந்த வரிகள் அந்த அட்டவணையில் இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்தது விற்பவர். ஓர் இயங்குதளத்தை எடைபோடுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இருக்கிற வரிகளைப் படிக்கத் தெரிய வேண்டும், இல்லாத வரிகளைக் கேட்கவும் தெரிய வேண்டும். கோஹெரன்ட்டை வைத்தே இரண்டையும் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய லேப்டாப்புக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதலில் அடிப்படை. யூனிக்ஸ் 1969ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரின் கையில் உருவானது. 1973ல் அதை சி மொழியில் திரும்ப எழுதினார்கள். அதனால் ஒரு கணினியிலிருந்து இன்னொரு வகைக் கணினிக்கு அதைக் கொண்டுபோவது எளிதானது. பெல் லேப்ஸ் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்துக்குச் சொந்தம், ஆகவே யூனிக்ஸின் மூல நிரலும், அதாவது நிரலர்கள் எழுதிய வரிகளும், அந்த நிறுவனத்தின் சொத்து. ஜெனிக்ஸ் போன்றவை அந்த நிரலை உரிமம் வாங்கி எடுத்து, பிசிக்கு ஏற்றபடி மாற்றியவை. உரிமக் கட்டணமும் விலையில் சேரும்.

இன்னொரு வழி உண்டு. அந்த நிரலைத் தொடாமல், யூனிக்ஸ் வெளியில் எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியே நடந்துகொள்ளும் ஒன்றைப் புதிதாக எழுதுவது. அப்படி எழுதியதைத்தான் யூனிக்ஸ் வகை இயங்குதளம் என்கிறோம். கோஹெரன்ட் இந்த வகை. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்காக எழுதி 1987ல் வெளியிட்ட மினிக்ஸ் இந்த வகை. 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இதே வகைதான்.

சரி, யூனிக்ஸ் மாதிரி நடந்துகொள்வது என்றால் என்ன? ஒரே வேரிலிருந்து கிளைவிடும் கோப்பு அமைப்பு. ஒரே நேரத்தில் பல நிரல்கள், பல பயனர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வேலையை மட்டும் செய்யும் சின்னச் சின்னக் கருவிகளும் அவற்றைக் கோக்கும் பைப் என்ற வசதியும். ஒரு நீண்ட கட்டுரையில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கருவி கட்டுரையை வரிக்கு ஒரு சொல்லாக உடைக்கும். அதன் விடையை வாங்கி சார்ட் என்ற கருவி அகர வரிசையில் அடுக்கும். ஒரே சொல் அடுத்தடுத்து வந்துவிடுவதால் யூனிக் என்ற கருவி அவற்றை எண்ணி, எண்ணிக்கையோடு தரும். அதை இன்னொரு முறை சார்ட்டுக்குக் கொடுத்து, எண்களின்படி அடுக்கச் சொன்னால் விடை வந்துவிடும். இந்த வேலைக்கென்று யாரும் தனி நிரல் எழுதவில்லை. ஏற்கெனவே இருந்த கருவிகளை ஒரே வரியில் கோத்தோம், அவ்வளவுதான். இந்தப் பழக்கம் கைக்கு வந்தவர்களுக்கு அன்றைய பிசிகளில் வழக்கமாக இருந்த இயங்குதளமான டாஸ் ஏன் போதாமல் போனது என்பது இதிலேயே புரியும்.

கோஹெரன்ட்டில் இவை எல்லாம் இருந்தன. கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் போர்ன் ஷெல், ஆக், செட், மேக், லெக்ஸ், யாக் போன்ற யூனிக்ஸ் கருவிகள், மைக்ரோஈமேக்ஸ் எடிட்டர், சி நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் சி கம்பைலர் என்று பெட்டிக்குள்ளேயே வந்தன. அந்தக் காலத்தில் டாஸுக்கு ஒரு சி கம்பைலரைத் தனியாக வாங்கினாலே ஏறக்குறைய நூறு டாலர் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த விலையைப் பார்க்க வேண்டும். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்த ஒற்றைக் கையேடும் சாதாரணமானது இல்லை. கட்டளைகள், சி சார்புகள், கருத்துகள் எல்லாவற்றையும் அகராதி போல ஒரே அகர வரிசையில் அடுக்கியிருந்தார்கள். எதை எந்தப் பகுதியில் தேடுவது என்று தெரியாத புதியவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி! கையேட்டின் தரம் எந்த ஒப்பீட்டிலும் எண்ணாக வராது. புதிதாகக் கற்பவர் முதலில் பார்க்க வேண்டியதோ அதுதான் என்பேன்.

நகல் உண்மையிலேயே அசல் போல நடந்துகொள்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஓர் அருமையான கதை உண்டு, நடந்த கதை. 1980களின் தொடக்கத்தில் கோஹெரன்ட்டைப் பார்த்த ஏடி அண்ட் டி நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்தது. நம் நிரலைத் திருடி எழுதியிருப்பார்களோ என்று பார்த்துவர ஆள் அனுப்பினார்கள். போனவர்களில் ஒருவர் டென்னிஸ் ரிச்சியேதான். யூனிக்ஸின் அன்றைய பதிப்புகளில் இருந்த விநோதங்களும் பிழைகளும் அவருக்கு அத்துபடி. கோஹெரன்ட்டின் முன்னால் உட்கார்ந்து அந்த மூலைமுடுக்குகளில் எல்லாம் தட்டிப் பார்த்தார். நிரலை வரிக்கு வரி எடுத்திருந்தால் பிழைகளும் சேர்ந்தே வந்திருக்கும் என்பது கணக்கு. யூனிக்ஸை ஆழமாகப் படிக்காமல் இதை எழுதியிருக்க முடியாது, ஆனால் நகலெடுத்த எதையும் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஏடி அண்ட் டியும் விட்டுவிட்டது.

ரிச்சி செய்த இந்தக் காரியத்தை நாமும் செய்யலாம், நோக்கம் மட்டும் வேறு. ஒரு கட்டளை இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் விருப்பங்களோடு அது வேலை செய்கிறதா, தவறான கோப்புப் பெயரைக் கொடுத்தால் என்ன சொல்கிறது, வேறோர் இடத்தில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டினால் எங்கே இடறுகிறது என்று ஓரங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். சாதாரணப் பாதையில் எல்லா நகல்களும் நன்றாகவே நடக்கும்.

அடுத்த சோதனை இன்னும் முக்கியமானது, பழைய கணினியின் சிப்போடு நேரடியாகத் தொடர்புடையது. சியில் ஐந்து வரியில் ஒரு தவறான நிரலை எழுதுங்கள். தனக்கு ஒதுக்கிய நினைவகத்தின் எல்லையைத் தாண்டி எங்கேயோ போய் எழுதும் நிரல். டாஸில் அதை ஓட்டினால் கணினி மொத்தமும் உறைந்துபோகலாம், ரீசெட் பட்டன்தான் கதி. ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தைத் தொடவிடாத, 286 சிப்பின் பாதுகாப்பு நிலையைப் பயன்படுத்தும் கோஹெரன்ட்டில் அந்த நிரல் மட்டும் சாகும். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரின்ட் வேலையும் கம்பைலும் அவை பாட்டுக்கு நடக்கும். 1981ல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் 8088 சிப்பில் இந்தப் பாதுகாப்புக்கு வழியே இல்லை. மேலே எவ்வளவு நல்ல யூனிக்ஸை ஏற்றினாலும், அடியில் இருக்கும் சிப் காவல் காக்காவிட்டால் பல நிரல்களை ஒன்றாக ஓட்டுவதில் நிம்மதி கிடையாது.

டாஸிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் அங்கே செல்லாது. யூனிக்ஸ் வகை அமைப்புகள் வேகத்துக்காக, டிஸ்கில் எழுத வேண்டியதைச் சிறிது நேரம் நினைவகத்திலேயே வைத்திருக்கும். முறையாக நிறுத்தாமல் மின்சாரத்தைத் துண்டித்தால் கோப்பு அமைப்பு குழம்பும், மறுபடி தொடங்கும்போது சரிபார்க்கும் நிரலை ஓட்ட வேண்டியிருக்கும்.

இப்போது அட்டவணையில் இல்லாத வரிகளுக்கு வருவோம். அதில் தலையாயது: ஒரு நிரல் எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? அப்போது விற்ற 3ஆம் பதிப்பான கோஹெரன்ட் 3ல் ஒரு நிரலின் கட்டளைப் பகுதி 64 கேபி, தரவுப் பகுதி 64 கேபி. அவ்வளவுதான். கணினியில் 4 எம்பி நினைவகம் போட்டிருந்தாலும் தனி ஒரு நிரலுக்கு அதற்கு மேல் கிடைக்காது. ஏன் என்று புரிந்துகொள்வது கடினமில்லை. பின்கோடு ஆறு இலக்கம் என்று வைத்துவிட்டால் பத்து லட்சத்துக்கு மேல் எண்களே கிடையாது, ஊர் எவ்வளவு பெருகினாலும் சரி. 286ல் ஒரு துண்டுக்குள் இருக்கும் முகவரி 16 பிட். 16 பிட்டில் எழுதக்கூடியவை 65,536 எண்கள், அதாவது 64 கேபி. பல துண்டுகளைச் சேர்த்துப் பெரிய நிரலை ஓட்ட 286ல் வழி உண்டு. ஜெனிக்ஸ் அதைச் செய்தது. மார்க் வில்லியம்ஸ் கம்பெனியோ சிறிய, வேகமான, எளிய வழியைத் தேர்ந்தெடுத்தது.

அந்தத் தேர்வின் விளைவு எங்கே தெரியும்? வேறு யூனிக்ஸ்களுக்காக எழுதி இலவசமாகக் கிடைத்த பெரிய நிரல்களைக் கொண்டுவந்து கம்பைல் செய்யும்போது. குனு ஈமேக்ஸ் எடிட்டர், ஜிசிசி கம்பைலர் போன்றவை 32 பிட் கணினிகளை மனதில் வைத்து எழுதியவை. அவை இந்தப் பெட்டிக்குள் நுழையவே நுழையா. சின்னக் கருவிகளைப் பைப்பில் கோக்கும் வேலைக்கு 64 கேபி தாராளம். சி கற்க, ஷெல் பழக, ஓர் இயங்குதளம் எப்படி நடக்கிறது என்று பார்க்க அதுவே போதும். பெரிய வெளி நிரல்கள்தான் தேவை என்றால் 99.95 டாலர்கூட வீண் செலவு.

அட்டவணையில் இல்லாத இன்னொரு வரி வலையமைப்பு. கோஹெரன்ட் 3ல், இணையம் இயங்கும் முறையான டிசிபி/ஐபி கிடையாது. அதற்குப் பதில் யூயூசிபி இருந்தது: மோடம் வழியாக இன்னொரு யூனிக்ஸ் கணினியைத் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்திருக்கும் மின்னஞ்சலையும் செய்திகளையும் கொடுத்து வாங்கிக்கொள்ளும் முறை. இந்தியாவில் எர்னெட் என்ற கல்வி வலையமைப்பு தொடங்கிய 1980களின் பிற்பகுதியில் கல்வி நிறுவனங்களுக்கு இடையே முதலில் மின்னஞ்சல் போனதும் இப்படித்தான். ஆகவே 1990ல் வீட்டில் ஒரு 286 வைத்திருந்தவருக்கு இது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. அலுவலகத்தில் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கேபிள் வந்துவிட்டவருக்கு இது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல. திரையில் சன்னல்களைக் காட்டும் எக்ஸ் விண்டோவும் 3ல் இல்லை.

டாஸை அழிக்காமல் தனிப் பகுதியில் நிறுவிக்கொள்ளலாம், டாஸ் கோப்புகளை எடுத்துப் படிக்கவும் முடியும் என்பது இதற்கு நேர் எதிரான நல்ல செய்தி. பழையதை விடாமல் புதியதைப் பழக முடிகிறதா என்பதை நான் எப்போதும் விலைக்கு மேலே வைப்பேன்.

இத்தனைக்கும் பிறகு 1990ல் 286 வைத்திருந்த ஒருவருக்கு என்ன சொல்லியிருப்போம்? வாங்குங்கள் என்றுதான். அந்த இயந்திரத்துக்கு அன்று கைக்கு எட்டும் விலையில் இருந்தவை கோஹெரன்ட்டும் மினிக்ஸும். ஓர் இயங்குதளம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று நிரலைப் பிரித்துப் படிக்க விரும்புகிறவருக்கு மினிக்ஸ். தினமும் உட்கார்ந்து வேலை செய்ய விரும்புகிறவருக்கு கோஹெரன்ட். 60 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ் என்றும் சொன்னார்கள், ஆகவே சோதித்துப் பார்க்கவும் நேரம் இருந்தது.

ஆனால் 1992ல் அதே கேள்விக்கு விடை மாறிவிட்டது. 386 சிப் பரவலாகியிருந்தது. 32 பிட் முகவரி, நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாகக் கையாளும் பேஜிங் எல்லாம் அந்தச் சிப்பிலேயே உண்டு. கோஹெரன்ட் 4 அந்த ஆண்டு 386க்காக வந்தது, 64 கேபி தளை போனது, எக்ஸ் விண்டோவும் வந்து சேர்ந்தது. அதற்குள் லினக்ஸ் வந்துவிட்டிருந்தது. அதுவும் 386க்குத்தான், அதுவும் இலவசமாக, மூல நிரலோடு. 1993ல் லினக்ஸையும் கருவிகளையும் ஒன்றாகக் கட்டித் தந்த ஸ்லாக்வேர் மாதிரியான தொகுப்புகள் வந்தபின் நிறுவுவதும் ஓரளவு எளிதானது. விலையையே பலமாகக் கொண்ட ஒரு பொருள், விலையே இல்லாத ஒன்றோடு எப்படிப் போட்டியிடும்? 1995ல் மார்க் வில்லியம்ஸ் கம்பெனி மூடப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2015ல், கோஹெரன்ட்டின் மூல நிரல், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் பிஎஸ்டி உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பழைய யூனிக்ஸ் வகைகளைக் கற்க விரும்புகிறவர்கள் அதைக் கட்டாயம் படிக்கலாம். அளவில் சிறியது, ஒருவரால் முழுதாகப் படித்து முடிக்கக்கூடியது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததும் இன்னும் உழைக்கும் தெம்புள்ள எத்தனையோ கணினிகள் கேட்பாரற்றுப் போயின. தமிழ்நாடு அரசு 2011 முதல் கொடுத்த இலவச மடிக்கணினிகளும் பல வீடுகளில் தூங்குகின்றன. அவற்றில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்தக் கணினிகளுக்கு ஏற்ற இலகுவான லினக்ஸ் எது என்று தேடினால், ஆன்டிஎக்ஸ், பப்பி, லுபுன்டு என்று பெயர்கள் வரும். அவற்றைப் பற்றிய ஒப்பீடுகளில் ஓர் எண் தவறாமல் இருக்கும்: கணினியைப் போட்டதும், எந்த நிரலையும் திறக்காத நிலையில், எவ்வளவு நினைவகம் செலவாகிறது என்பது. ஒன்று 200 எம்பி என்றால் இன்னொன்று 500 எம்பி என்று போட்டி நடக்கும்.

இங்கேயும் இல்லாத வரி ஒன்று உண்டு, பிரவுசர். எதையும் திறக்காமல் சும்மா வைத்திருக்கவா கணினியை எழுப்புகிறோம்? வங்கிப் பக்கமும் யூடியூபும் இன்னும் இரண்டு டேப்களும் திறந்தால் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். இயங்குதளத்தில் மிச்சம் பிடித்த 300 எம்பி அங்கே நின்று பேசாது. அன்றைக்கு 64 கேபி எந்த இடத்தில் நின்றதோ, இன்றைக்கு அந்த இடத்தில் பிரவுசர் நிற்கிறது. 2 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப்பில் எந்த லினக்ஸைப் போட்டாலும் பத்து டேப் திறப்பவருக்குத் திருப்தி வராது. எழுத, படிக்க, நிரல் கற்க, பாட்டுக் கேட்க விரும்புகிறவருக்கு அதே இயந்திரம் தாராளமாக உழைக்கும்.

சிப்பையும் மறக்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் தொகுப்பில் 32 பிட் பிசிகளுக்கான நிறுவி இல்லை. ஃபயர்பாக்ஸ் பிரவுசரும் 144ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்திக்கொண்டது. ஆகவே உங்கள் கணினி 32 பிட் சிப் கொண்டது என்றால், எந்தத் தொகுப்பு அழகாக இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் எத்தனை நாள் வரும் என்பதை முதலில் பாருங்கள். பழைய 64 பிட் கணினிகளுக்கு இந்தக் கவலை இல்லை. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டாலே அவற்றுக்குப் பாதி உயிர் திரும்பிவிடும்.

நல்லவேளையாக, இன்று பணம் வாபஸ் உத்தரவாதம் எதுவும் தேவையில்லை. ஒரு பென் டிரைவில் லினக்ஸை எழுதி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். தொடங்கியதும் வைஃபை கிடைக்கிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, ஒலி வருகிறதா, தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா, எழுத்துகள் உடையாமல் தெரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு நீங்கள் தினமும் திறக்கும் அதே பக்கங்களை அதே எண்ணிக்கையில் திறந்துவிட்டு, டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சன்னலில்) ஃப்ரீ (free) என்ற கட்டளையைக் கொடுங்கள். நினைவகம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் வரிகள் இரண்டு வரும். இரண்டாவது வரி ஸ்வாப், அதாவது நினைவகம் போதாதபோது டிஸ்கில் கடன் வாங்கும் இடம். அதில் செலவு ஏறிக்கொண்டே போனால் அந்தக் கணினிக்கு அந்த வேலை தாங்காது. பென் டிரைவிலிருந்து ஓட்டும்போது ஸ்வாப் இடமே இல்லாமலும் இருக்கலாம். அப்போது அந்த வரியில் வெறும் சுழியங்கள்தான் இருக்கும், முதல் வரியின் கடைசி எண்ணைப் பாருங்கள். நிரல்களுக்கு இன்னும் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை அந்த எண் சொல்லும்.